சாக்கடைக்கு யார் காசு கொடுப்பது?

('ஊர் வசதிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியது அரசாங்கமா? பயன்பெறும் மக்களா?' என்ற தலைப்பில், 'மக்களே' என்ற அணியில் மாதவரத்தைச் சேர்ந்த குடும்பத் தலைவி ஒருவர் பேசியது.)

 

மாதவரம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பால் பண்ணை! ஐப்பசி, கார்த்திகை பொறந்தா எங்களுக்கு ஞாபகம் வர்றது பால் இல்லீங்க, தண்ணி! (சிரிப்பு) இந்தப் பக்கம் மாதவரம் ஏரி, அந்தப் பக்கம் ரெட்டேரி, மேலே புழல் ஏரி. புழல் நிரம்பித் திறந்துவிட்டால், உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையன்குப்பம் வழியாகத்தான் எண்ணூர் கடலுக்குப் போகணும். 2015லும் 2023லும் வடசென்னை பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு முன்னாலே பேசிய அண்ணன் கேட்டார்: "தீப்பெட்டியிலிருந்து தங்கம் வரைக்கும் வரி கட்டறோம். அதுக்கு மேலே வீட்டு வரி, சாக்கடை வரின்னு எதுக்கும்மா?" நீங்களும் கை தட்டினீங்க. ஆனா அண்ணே, தீப்பெட்டிக்குக் கட்டின வரி எங்கே போகுது? டில்லிக்கும் கோட்டைக்கும் போகுது. அது உங்க தெருவுக்குத் திரும்பி வரணும்னா மனுவைக் கையிலே வெச்சுக்கிட்டு நிக்கணும். வீட்டு வரி அப்படி இல்லை. உள்ளூரிலே வசூல், உள்ளூரிலேயே செலவு. மாநகராட்சி அரையாண்டுக்கு ஒரு தடவை சொத்து வரி வாங்குது. மழைநீர்க் கால்வாய் கட்டுறது அவங்க பொறுப்பு. வீட்டுக் கழிவுநீர் மெட்ரோ வாட்டர் பொறுப்பு. அதுக்கு வீட்டோட ஆண்டு மதிப்பிலே 7 சதவீதம் தனியா வரி. 2011லே மாநகராட்சியோடு சேர்ற வரைக்கும் மாதவரம் தனி நகராட்சி. அந்தக் காலத்து 1920ஆம் வருஷ நகராட்சிச் சட்டத்திலேயே சொத்து வரிக்குள்ளே தண்ணீர், வடிகால் வரி தனி, விளக்கு வரி தனின்னு பிரிச்சு வெச்சிருந்தாங்க.

"ஏழை என்னம்மா செய்வான்?" நியாயமான கேள்வி. வரி தலைக்கு இவ்வளவு என்று இல்லையே. சொத்துக்குத் தகுந்த மாதிரிதானே! 2022லே சென்னையில் சொத்து வரியை உயர்த்தினபோது, 600 சதுர அடிக்குள்ளே இருக்கிற வீட்டுக்கு ஏற்றம் குறைவு. 1,800 சதுர அடிக்கு மேலே போனால் அதிகம். எங்க ஊர்ப் பக்கம் லாரி வந்து நிக்கிற பெரிய பெரிய குடோன்களைப் பாருங்க. கூரை முழுக்கத் தகரம், தரை முழுக்க சிமெண்ட். பெய்யுற மழையிலே ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அத்தனையும் பக்கத்துத் தெரு குடிசைக்குள்ளே வரும். அரசாங்கமே பொதுப் பணத்திலிருந்து கொடுக்கட்டும்னா, தண்ணியைத் தள்ளிவிடுறவர்கிட்டேயும் அதிலே நனையுறவர்கிட்டேயும் ஒரே மாதிரி வாங்கறதா ஆகும். இது எந்த ஊரு நியாயம்? (கைதட்டல்)

அடுத்து எதிரணி, "மக்கள் கொடுக்க மாட்டாங்க" என்கிறது. அதுக்கு நம்ம ஊரிலேயே சரித்திரம் இருக்கு. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலே வால்டாக்ஸ் ரோடு தெரியுமா? என் சின்ன மகன், "அம்மா, வாலுக்குக்கூட வரியா?"ன்னு கேட்டான். (பலத்த சிரிப்பு) வால் என்றால் மதில் சுவர்ப்பா! 1769லே ஹைதர் அலி சென்னைக்குப் பக்கத்திலே வந்து நின்ற பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி கருப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் கட்டியது. பயன் உங்களுக்குத்தானே, நீங்களே செலவைக் கொடுங்கன்னு குடியிருந்தவங்க மேலே வரி போட நினைத்தது. அப்படி வரி போடக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டா என்று கேள்வி கிளம்பி, கடைசியில் வசூலே நடக்கவில்லை என்பார்கள். சுவரிலே மிஞ்சின துண்டு ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவாக நிக்குது. வசூலாகாத வரி, ரோட்டுப் பேராக நிக்குது!

எதிரணி சந்தோஷப்பட வேண்டாம். இப்போ ஆலந்தூருக்கு வாங்க. அதுவும் எங்களை மாதிரியே 2011 வரைக்கும் தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். 1996லே நகராட்சித் தலைவரான ஆர்.எஸ். பாரதி காலத்திலே மக்களை முதலிலேயே கேட்டாங்க. குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, செலவு இவ்வளவு, கடன் இவ்வளவு, உங்க பங்கு இவ்வளவுன்னு விளக்கினாங்க. வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட், கடை கண்ணிக்கு 10,000. அன்றைக்கு 5,000 என்றால் ஒரு பவுன் தங்கத்துக்கு மேலே! திட்டத்துக்கென்று தனிக் கணக்கு வெச்சாங்க. ஜனங்க கொடுத்தாங்களா இல்லையா? கோடிக் கணக்கிலே கொடுத்தாங்க! மிச்சத்துக்குக் கடன், மானியம். பாதாளச் சாக்கடையும் வந்தது. (கைதட்டல்)

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே கட்டி முடித்துவிட்டுப் பில்லை நீட்டினான். இங்கே கேட்டுவிட்டுக் கட்டினாங்க. நம்ம ஜனங்களுக்குக் கொடுக்க மனசு உண்டு நடுவர் அவர்களே. எதுக்குன்னு தெரியணும், அவ்வளவுதான்! உத்திரமேரூர்க் கல்வெட்டிலே ஏரி வாரியம் இருக்கு. ஊர்க்காரனே ஏரியைப் பார்த்துக்கிட்டான். நிலத்திலே ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நெதர்லாந்திலே இன்னைக்கும் தண்ணிக்குத் தனி வாரியம், தனி வரி, தனித் தேர்தல். வரி கொடுக்கிறவன் ஓட்டும் போடுறான், கணக்கும் கேக்குறான்.

அரசாங்கம் கொடுக்கும்னு சொல்றீங்களே, அரசாங்கம் எங்கிருந்து கொண்டு வருது? எங்க பக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையிலே 769 கிலோமீட்டர் மழைநீர்க் கால்வாய்த் திட்டம், 3,220 கோடி ரூபாய். அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். கடன்னா யார் அடைக்கிறது? நம்ம பிள்ளைகள்! எப்படியும் நாமதான் கொடுக்கப் போறோம். தெரியாம கொடுக்கிறதை விட, தெரிஞ்சு கொடுத்துட்டு உரிமையோடு கேள்வி கேட்கிறது மேல் இல்லையா?

அதனாலே வார்டு கூட்டத்துக்குப் போங்க. "எங்க தெருவிலே இந்த வருஷம் வசூல் எவ்வளவு, வடிகாலுக்குப் போட்டது எவ்வளவு? பலகையிலே எழுதி வையுங்க"ன்னு கேளுங்க. வரி ரசீதைக் கையிலே வெச்சிருக்கிறவங்க கேட்டா பதில் சொல்லியாகணும். இலவசமா வந்த கால்வாயிலே குப்பை கொட்டுவோம். நம்ம காசிலே வந்த கால்வாயிலே எவனாவது கொட்டினா கையைப் பிடிப்போம்!

ஆகவே, ஊர் வசதிக்குப் பணம் கொடுக்க வேண்டியவர்கள் பயன்பெறும் மக்களே, மக்களே! (நீண்ட கைதட்டல்)