பல்கலைக்கழகமா, கட்டுப்பாட்டுக் கோபுரமா?

(உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானபின் அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்காக நடந்த கூட்டத்தில், கல்முனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் ஊரில் வயலும் கடலும், பக்கத்து மருதமுனையில் கைத்தறியும். உங்களுக்குத் தேயிலை. ஆனால் பெறுபேறு வந்த இரவு வீட்டில் நடக்கும் பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கணிதப் பிரிவில் நன்றாகச் செய்த பிள்ளைகளின் வீட்டில் அண்மைக்காலமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "சேர், கெம்பஸும் கிடைக்கும் போல. விமானக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கும் விண்ணப்பம் கேட்டிருக்காங்க. எதுக்கு அனுப்புற?"

சில வருடங்களுக்கு முன் ஒரு வாப்பா இப்படிக் கேட்டபோது நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "பட்டம் எடுத்து வேலைக்குக் காத்திருப்பதைவிட இது நல்லது" என்றேன். பையன் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தில் பதியவில்லை. எழுத்துப் பரீட்சை, நேர்முகம் இரண்டிலும் தேறினான். மருத்துவப் பரிசோதனையில் நின்றுவிட்டான். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு. அதுவரை அவனுக்கே அது தெரியாது. அவனுடைய வாப்பா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

ஆகவே வேலையைப் பற்றிச் சரியாகச் சொல்கிறேன். சிவில் விமானங்களுக்கு இந்த வேலையை நம் நாட்டில் தருவது விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம். பயிற்சி நிலையம் இரத்மலானையில். அனுமதிப்பத்திரம் கொடுப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. சர்வதேச விதிப்படி அதற்குக் குறைந்த வயது 21. வகுப்பு முடிந்தாலும் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க, உண்மை விமானங்களோடு பழகித் தேற வேண்டும். ஆங்கிலத்தில் 6 படிகளில் 4ஆவது படியாவது வேண்டும். அந்தப் படியில் இருப்பவரை 3 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிப்பார்கள். தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளைகள் தடுமாறுவது கணக்கில் அல்ல, இங்கேதான். கண்ணும் காதும் வேலை உள்ளவரை பரிசோதிக்கப்படும்.

இது இரவு பகல் முறை வேலை. கொழுந்து குறைந்தால் உங்களுக்கு அரைப்பேர். அங்கே கவனம் குறைந்தால் என்ன ஆகும்? 2002 ஜூலை 1ஆம் திகதி இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வான்பரப்பை சூரிச்சில் இருந்து ஒரே கட்டுப்பாட்டாளர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஓய்வில். அமெரிக்காவில் 1981 ஓகஸ்டில் வேலை நேரத்தைக் குறைக்கவும் சம்பளத்தைக் கூட்டவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்த 11,000க்கு மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை ஜனாதிபதி ரேகன் வேலைநீக்கம் செய்தார். கழுத்துப்பட்டி கட்டிய வேலைக்கும் சங்கம் வேண்டும் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பல்கலைக்கழகப் பக்கம் பாருங்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் எங்கள் அம்பாறையும் இருக்கிறது, உங்கள் நுவரெலியா, பதுளையும் இருக்கின்றன. கிடைத்த இடத்தை விட்டால் அது அடுத்த வருடம்வரை காத்திருக்கும் என்று நம்பாதீர்கள். பொறியியல் பட்டத்தோடு பல கதவுகளைத் தட்டலாம். கட்டுப்பாட்டாளரின் அனுமதிப்பத்திரம் ஒரே தொழிலுக்குத்தான். உடல் நிலையால் அது போனால் கையில் உயர்தரச் சான்றிதழ் மட்டும்.

அதற்காகப் பயிற்சிக்குப் போகாதே என்று சொல்லவில்லை. இருபது வயதில் உழைத்து வீட்டைத் தாங்கவேண்டிய பிள்ளைக்கு அது நல்ல வழி. பட்டத்தைப் பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஆனால் வருடா வருடம் ஆள் எடுப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் பதியுங்கள், விண்ணப்பமும் போடுங்கள். பயிற்சிக் கடிதம் கையில் வந்து, மருத்துவத்திலும் தேறி, பிணை ஒப்பந்தம் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று வாசித்த பிறகு முடிவெடுங்கள்.

என் பக்கத்து வீட்டு மகள் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறாள். ஒலுவிலில் பதிந்துவிட்டாள். விண்ணப்பமும் தபாலில் போய்விட்டது. இந்தமுறை நிறப்பார்வைப் பரிசோதனைக்கு முதலிலேயே கண் வைத்தியரிடம் நானே கூட்டிப்போனேன். குறை ஒன்றுமில்லை. ராத்திரி வேலை என்பதால் அவளுடைய உம்மாவுக்கு இன்னும் மனமில்லை. அந்தப் பேச்சு அவர்கள் வீட்டில் நடக்கிறது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். எனக்கு பஸ் நாலரைக்குத்தான்.