அச்சமும் பரிவும்

1972-இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி, ‘தி லாங்கஸ்ட் நைட்’ என்னும் படத்தை ஒளிபரப்பியது. பணத்திற்காகக் கடத்தப்பட்ட மாணவி ஒருத்தி பெட்டியில் அடைக்கப்பட்டு, உயிருடன் மண்ணுக்கடியில் புதைக்கப்படுகிறாள். அவளைத் தேடுவதே கதை.

திரையரங்குப் படங்களுக்குரிய பொருட்செலவு இத்தகைய தொலைக்காட்சிப் படங்களுக்கு வாய்ப்பதில்லை. ஆகவே பார்ப்போர் இருவகைப்படுவர். காட்சி வளம் போதாது என்பர் ஒரு சாரார். இருட்டும் மூச்சும் தொலைபேசி மணியுமே போதும் என்பர் மறு சாரார்.

நாம் பின்னவர் பக்கமே நிற்போம். அதற்குக் காரணம் கலை மட்டுமன்று. இக்கதை வெறும் கற்பனையன்று. 1968 டிசம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்த உண்மையைத் தழுவியது. அம்மாணவி ஏறத்தாழ 83 மணி நேரம் மண்ணுக்குள் கிடந்து, உயிருடன் மீட்கப்பட்டார்.

பிறர் பட்ட துன்பம் நமக்கு மாலைப்பொழுதின் கேளிக்கையாகலாமா? அடுத்து என்ன நிகழுமோ என்னும் ஆவல் மட்டும் எழுமாயின், ஆகாது. அவள் பிழைக்க வேண்டுமே என்னும் தவிப்பு எழுமாயின், ஆகலாம். துரத்தலும் வெடியும் காட்டப் பொருளற்ற படம், நம்மை அவளது தனிமையின் அருகே இருத்துகிறது. சிக்கனம் தந்த சிறப்பு அதுவே.