வாடகை வீடும் பள்ளிப் பருவமும்

ஒரு குடும்பத்தின் வருவாயில் குடியிருப்புக்குச் செல்லும் பங்கு வாடகைச் சுமை எனப்படும். அது 30 விழுக்காட்டைத் தாண்டினால் உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கான செலவு சுருங்கத் தொடங்கும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். இவ்வளவுகோல் பணத்தை மட்டுமே அளக்கிறது. உயர்ந்த வாடகை குழந்தைகளிடமிருந்து இடத்தையும் நிலைத்த வாழ்வையும் பறிக்கிறது என்பதையும், சென்னை போன்ற நகரில் பின்னதே பேரிழப்பு என்பதையும் நிறுவுவது இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

முதலாவது இடம். 2012–17 திட்டக் காலத்துக்கென நடுவண் அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, இந்திய நகரங்களில் 1.878 கோடி வீடுகள் பற்றாக்குறை என மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு நெரிசலில், அதாவது மணமான இணையருக்குத் தனியறை இல்லாத நிலையில், வாழும் குடும்பங்களைக் குறிப்பது. அதேவேளை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆகவே குறை எண்ணிக்கையில் மட்டுமன்று, எட்டாத விலையிலும் இருக்கிறது. சமையலும் தொலைக்காட்சியும் பாயும் ஒரே அறையில் அமைந்த ஒண்டுக்குடித்தனத்தில், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு மாடிப்படியே மேசையாகிறது. வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இலவசமாக வழங்கினாலும், யூனிட்டுக்கு இவ்வளவு என வீட்டு உரிமையாளர் வகுத்த தொகையையே குடித்தனக்காரர் பலர் செலுத்துவதால், இரவில் எரியும் விளக்கும் செலவுக் கணக்கில் ஏறுகிறது.

இரண்டாவது நிலைத்த வாழ்வு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணங்களைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதித்ததால், பதிவுச் செலவைத் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம் எழுதும் வழக்கம் வேரூன்றியது. ஒப்பந்தம் முடிந்ததும் வாடகை ஏறும். கட்டுப்படியாகாத குடும்பம் இன்னும் தொலைவான பகுதிக்குப் பெயரும். அங்கும் அட்வான்ஸ் தேவைப்படும். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அதற்குரிய அளவாகக் குறிப்பிட்டபோதிலும், அதனினும் கூடுதலாகக் கேட்கும் பழக்கம் மறையவில்லை. பழைய வீட்டு அட்வான்சில் வெள்ளையடிப்புக்கெனப் பிடித்தம் போக எஞ்சுவது புதிய வீட்டுக்குப் போதாதபோது, பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய தொகையோ நகைக்கடனோ அவ்விடைவெளியை நிரப்புகிறது.

கல்வி உரிமைச் சட்டம் (2009) பள்ளி மாறும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே வழங்கப் பணிக்கிறது. அது தாமதமானாலும் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்கிறது. புதிய பள்ளியின் கதவை இவ்வாறு திறந்துவைக்கும் சட்டத்துக்குப் பழைய பள்ளியிலேயே அக்குழந்தையைத் தங்கவைக்கும் ஆற்றல் இல்லை. ஏனெனில் அதைத் தீர்மானிப்பது வாடகை. நடுவாண்டில் இடம்பெயரும் பிள்ளை பாடத்தின் தொடர்ச்சியையும், தன் குறைநிறைகளை அறிந்த ஆசிரியரையும், தோழமையையும் ஒருசேர இழக்கிறது.

இவ்விழப்புக்குச் சந்தை மட்டுமே காரணமன்று. 2000ஆம் ஆண்டளவில் சென்னையின் கண்ணகி நகரிலும் பின்னர் பெரும்பாக்கத்திலும் அரசு கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள், நிலம் மலிவாகக் கிடைத்த நகர விளிம்பில் அமைந்தன. நகரின் நடுவே வீட்டு வேலைக்கும் சுமைப்பணிக்கும் சென்றுவந்த பெற்றோர், அங்குக் குடியமர்த்தப்பட்டபின் 20 கி.மீ. அளவுக்குப் பேருந்தில் பயணம் செய்ய நேர்ந்தமையால், வீட்டில் பிள்ளைகளோடு அவர்கள் கழிக்கும் நேரம் குறைந்தது. நிலத்தில் மிச்சமான தொகையைக் குடும்பங்கள் நாள்தோறும் பயணமாகச் செலுத்துகின்றன.

எனவே வீட்டுவசதிக் கொள்கை, கட்டிய வீடுகளின் எண்ணிக்கையோடு, ஒரு குழந்தை ஒரே பள்ளியில் தொடர்ந்து பயின்ற ஆண்டுகளையும் தன் வெற்றியின் அளவாகக் கொள்ளவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களின் வாடகை ஒப்பந்தம் கல்வியாண்டின் இறுதிக்கு முன் முடியாதவாறு விதி வகுப்பதும், வேலையிடங்களுக்கு அருகில் பொது வாடகைக் குடியிருப்புகளை அமைப்பதும் அதற்கான முதற்படிகள். முன்னதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பின்னதற்கு ஆகும் செலவோ, இன்று குழந்தைகள் தம் கல்வியால் ஈடுசெய்துகொண்டிருப்பதே.