பாதி நாளான இரவு



தேசிய நூலகத்தின் கதவுகள் அடைபட்டு, மிருகக்காட்சி சாலையின் ஜந்துக்களும் கண்ணயர்ந்த பின்னர், விளக்கணையாத ஆஸ்பத்திரி மாடிகள் பல கொல்கத்தாவின் இந்த அலிப்பூரில் உண்டு. அங்கே விழித்திருக்கும் செவிலியரைப் பற்றியே இன்று பேச எழுந்தேன்.

நம் தேசத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றில் காலை எட்டு முதல் இரண்டு வரை ஒரு முறை, இரண்டு முதல் இரவு எட்டு வரை மறுமுறை, அங்கிருந்து மறுநாட்காலை எட்டு வரை மூன்றாம் முறை என்று வேலையைப் பகுத்திருக்கிறார்கள். பகலுக்கு ஆறு ஆறு மணி; இரவுக்கோ பன்னிரண்டு. தேகம் மிகத் தளரும் ஜாமத்தில் வேலையை இரட்டிப்பது எந்தச் சாஸ்திரமோ, நான் அறியேன். இராப்பணி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிறுவனம் 2007-லேயே வகைப்படுத்தி, 2019-ல் மறுபடியும் உறுதி செய்தது.

இராப்பணி முடிந்த செவிலியின் காலையைப் பாருங்கள்: யாருக்கு எத்தனை சொட்டு, எவருக்கு மறு ஊசி என்றெல்லாம் அடுத்தவளிடம் ஒப்புவித்து, பஸ் பிடித்து வீடு சேர்ந்து, ஜன்னலில் பழைய புடவையொன்றைத் தொங்கவிட்டு அவள் படுக்கும்போது மணி பத்து. பக்கத்து வீட்டுக் குக்கரும் கூரியர்க்காரரும் போக எஞ்சிய தூக்கத்தை, மூன்று மணிக்குப் பள்ளிவிட்டு வரும் குழந்தை முடித்து வைக்கிறது. 'பகலெல்லாம் தூங்குகிறாளே' என்ற பேச்சு வேறு!

2024 ஆகஸ்டு 9-ஆம் தேதி இந்நகரின் ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில், இராப்பணியிலிருந்த இளம் பெண் வைத்தியருக்கு நேர்ந்த கொடுமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின், கூடியவரை பெண்களுக்கு இராப்பணி தரவேண்டாம் என்று ராஜ்ய சர்க்கார் சொன்னது. பாதுகாப்பளிப்பதே சர்க்காரின் கடமை, பெண்களை இரவிலிருந்து விலக்குவதன்று என்று செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆட்சேபித்தது. நீதிமன்றத்தின் கட்சியே என் கட்சி. வைத்தியரிலாவது ஆடவர் பலர் உளர். பெண்களே பெரும்பான்மையான செவிலியர் இரவை விட்டால், பின்னிரவில் மூச்சுத் திணறுபவருக்கு யார் ஓடி வருவது? வேண்டியது இரவிலிருந்து விடுதலையன்று; குறுகிய இரவு, கூடுதல் ஆட்கள், வீடு சேர வண்டி.

அவற்றைச் சர்க்காரிடமும் நிர்வாகத்திடமும் கேட்போம். நம் கையிலிருப்பதும் ஒன்றுண்டு: உங்கள் மாடியில் ஒரு செவிலி குடியிருந்தால், பகலில் அவள் வீட்டு மணியை அடிக்காதீர்கள், அவளுக்கு வரும் தபாலை நீங்களே வாங்கி வையுங்கள்.