பேர் அழிந்த பீடம்



ஏதென்ஸ் நகரத்து அக்ரோபோலிஸ் குன்றில் ஒரு சிலையின் பீடம் கிடைத்தது. சிலை இல்லை. கல்லும் உடைந்து, பேர் இருந்த இடமே போய்விட்டது. ஆனாலும் அது யாருடைய பீடம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். துப்புக் கொடுத்தது ஓர் எண். அந்த அம்மாள் 64 ஆண்டுகள் அதீனா தேவிக்குப் பணி செய்ததாக எழுத்து சொல்கிறது. சிற்பி தெமெத்ரியோஸ் வடித்த லிசிமாகே என்ற பெண் பூசாரியின் சிலையைப் பற்றி எழுதும் ரோமானியர் பிளினியும் அதே 64 ஆண்டுக் கணக்கைத்தான் தருகிறார்.

அவர் வாழ்ந்தது 88 ஆண்டுகள் என்றும் கல் சொல்கிறது. அப்படியென்றால் 24 வயதுக்குள் கோயில் பொறுப்புக்கு வந்திருக்கிறார். ஊர்ச் சபையில் ஓட்டுப் போட அந்தக் காலத்து ஏதென்ஸில் எந்தப் பெண்ணுக்கும் உரிமை கிடையாது. அதே ஊரின் தலைமைக் குன்றில் இவருக்குச் சிலை!

பூசாரிகளுக்குக் கிரேக்க ஊர்கள் செய்த மரியாதை பலவிதம். இலைக் கிரீடம், தங்கக் கிரீடம், கல்லில் வெட்டிய பாராட்டுத் தீர்மானம். ஏதென்ஸின் தியோனிசஸ் அரங்குக்குப் போனால், முன்வரிசை நடுவே சிங்கப் பாதம் செதுக்கிய பளிங்கு ஆசனம் ஒன்றை இன்றும் பார்க்கலாம். அது தியோனிசஸ் தெய்வத்தின் பூசாரிக்கு உரியது என்று அதிலேயே பொறித்திருக்கிறது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரைசிஸ் என்ற அதீனா பூசாரி, ஏதென்ஸிலிருந்து புறப்பட்ட புனித ஊர்வலத்தோடு, குறி சொல்லும் தலமான டெல்பிக்குப் போனார். டெல்பி மக்கள் அவருக்குக் கிரீடம் சூட்டினார்கள். குறி கேட்பதில் முன்னுரிமை, விழாப் போட்டிகளில் முன்னிருக்கை, வரிவிலக்கு, நிலமும் வீடும் வாங்கும் உரிமை எல்லாம் கொடுத்தார்கள். அவருடைய சந்ததிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். வேற்றூர்ப் பெண்ணுக்கு இவ்வளவு!

எனக்கு மனசில் நிற்பது வேறொன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பவுசானியஸ் என்ற பயணி அக்ரோபோலிஸ் ஏறினார். அதீனா கோயிலருகே ஒரு கிழவியின் சிலையைப் பார்த்தார். உயரம் ஒரு முழம்தான். அதை எழுதிவைத்தார். அந்தக் கிழவி பூசாரி இல்லை. லிசிமாகேவுக்குக் கூடமாட நின்று பணி செய்தவர்.