புயலும் ரயிலும்: “கடவுள் செயல்” யாருடைய செயல்?

(ஓசூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று புயலையும் ரயிலையும் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். கடல் எங்கே, ஓசூர் எங்கே? கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2900 அடி உயரத்தில், கர்நாடக எல்லையோரத்தில் உட்கார்ந்துகொண்டு புயலைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஊத்தங்கரைக்காரர்கள் 2024ஆம் வருஷத்திலேயே பதில் சொல்லிவிட்டார்கள்.

2024 நவம்பர் 30ந் தேதி இரவு ஃபெஞ்சல் என்ற புயல் புதுச்சேரிக்கருகில் கரையேறிற்று. அது அங்கேயே அடங்கிப் போய்விடவில்லை. வலுக்குறைந்து, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமாக மேற்கே நகர்ந்து, கடைசியில் நம் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கே வந்து சேர்ந்தது. டிசம்பர் 2ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்த மழை 50 சென்டிமீட்டர். கடற்கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊரில், ரோட்டோரம் நிறுத்தி வைத்திருந்த பஸ்களையும் கார்களையும் வெள்ளம் பொம்மைகளைப் போல் உருட்டிக்கொண்டு போயிற்று. ஆகவே, புயல் கடற்கரைக்காரன் சங்கதி, நமக்கென்ன என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அதே டிசம்பர் 2ந் தேதி காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாயக் குறிக்குமேல் ஏறிற்று. உடனே அவ்வழியில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சில வண்டிகளை ரத்து செய்தார்கள். சிலவற்றைக் காட்பாடி வழியாகத் திருப்பிவிட்டார்கள். வழியில் மாட்டிக்கொண்ட பிரயாணிகள் திட்டினார்கள். அவர்கள் கோபம் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நாம் ஒன்று சொல்லுகிறோம். அன்றைக்கு நின்ற வண்டிதான் ஒழுங்காக ஓடிய வண்டி.

இதைச் சற்று விளக்கவேண்டும். ரயில் பாதை என்பது இரும்பால் ஆனது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மண்ணாலும் கல்லாலும் ஆனது. மண்கரை, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கட்டை, அதற்கும் மேலேதான் தண்டவாளம். வெள்ளம் வந்தால் இரும்பு அசையாது. அடியிலுள்ள ஜல்லியும் மண்ணும் கரைந்து போய்விடும். தண்டவாளம் மாத்திரம் துணி உலர்த்தும் கொடியைப்போல அந்தரத்தில் தொங்கும். இருட்டில் டிரைவர் கண்ணுக்கு அது நல்ல பாதையாகவே தெரியும். வேகமாக வரும் வண்டி பிரேக் போட்டபிறகும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். இந்த நிலைமையில் டிரைவரின் கெட்டிக்காரத்தனம் என்ன செய்யும்? அவர் கும்பிடுகிற சாமிதான் என்ன செய்யும்? முன்கூட்டியே நிறுத்துவது ஒன்றுதான் வழி.

நிறுத்தாமல் போனதன் பலனை நம் நாடு நன்றாக அனுபவித்திருக்கிறது. 1956 நவம்பர் 23ந் தேதி அரியலூருக்கருகில் மருதையாற்று வெள்ளத்தில் பாதை சிதைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்குமேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அது யோக்கியமான காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் மந்திரி நாற்காலியை விட்டு இறங்கிவிட்டதால் மாத்திரம் ஒரு பாலமாவது பலப்பட்டுவிடுமா?

எட்டு வருஷம் கழித்து, 1964 டிசம்பர் 22ந் தேதி நள்ளிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653ஆம் நம்பர் பாசஞ்சர் புறப்பட்டது. வெளியே புயல். சிக்னல் வேலை செய்யவில்லை. தனுஷ்கோடி கைக்கெட்டும் தூரத்தில் கடலலை வந்து வண்டியோடு எல்லோரையும் வாரிக்கொண்டு போயிற்று. கணக்கில் வந்தவர்கள் 115 பேர். டிக்கட் வாங்காமல் ஏறியவர்கள் எத்தனை பேரென்று கடலுக்குத்தான் தெரியும். புண்ணிய ஸ்தலம் என்பதற்காக அலை ஓரடியாவது ஒதுங்கிப் போகவில்லை. பாம்பன் பாலத்தில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. அப்பாலத்தை ஸ்ரீதரன் என்ற இஞ்சினீயரின் பொறுப்பில் 46 நாளில் மறுபடி நிறுத்திக்காட்டினார்கள். பாலத்தை 46 நாளில் எழுப்பத் தெரிந்த மனிதனுக்கு, ஒரு வண்டியை ஓர் இரவு பாம்பனிலேயே நிறுத்தி வைக்கத் தெரியாமல் போய்விட்டதே, அதுதான் துக்கம்.

அந்தப் பழைய பாம்பன் பாலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை அங்கே வைத்து, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும்படி செய்திருந்தார்கள். வண்டியில் மந்திரி இருக்கிறாரா, மடாதிபதி இருக்கிறாரா என்று அந்தக் கருவி பார்க்காது. அதற்குத் தாட்சண்யம் கிடையாது. அறிவு என்று நாம் சொல்லுவது இதைத்தான்.

“கடவுள் செயல்” என்ற தீர்ப்பு

இனி அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். அது உங்களைப் போன்ற தொழிலாளிகளின் கதை. 1935இல் புளோரிடாவுக்குத் தெற்கேயுள்ள தீவுகளில் ரோடு போடுகிற வேலைக்கு, முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்டுவிட்டுப் பிழைப்பில்லாமலிருந்த பழைய சிப்பாய்களைச் சர்க்கார் அமர்த்தியிருந்தது. அவர்கள் கடலோரத்தில் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். செப்டம்பர் 2ந் தேதி பெரும்புயல் வருகிறதென்று தெரிந்தது. அன்று அங்கே தொழிலாளர் திருநாள், விடுமுறை. அவர்களை அழைத்துவர மியாமியிலிருந்து ரயிலை அனுப்பும்படி உத்தரவானதே பிற்பகலில். ஆள் சேர்த்து வண்டி புறப்பட மாலை நாலரை மணியாயிற்று. வழியில் படகுகளுக்காகத் திறந்திருந்த பாலத்தில் தாமதம், கம்பி ஒன்று மாட்டிக்கொண்டு தாமதம். இருட்டிய பிறகு வண்டி போய்ச் சேர்ந்த சமயமும் கடல் பொங்கி வந்த சமயமும் ஒன்றாயிருந்தன. எஞ்சின் மாத்திரம் தண்டவாளத்தின்மேல் நின்றது. பெட்டிகளெல்லாம் புரண்டன. அந்தப் புயலில் 400 பேருக்குமேல் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலாளிகளே.

உடனே சர்க்கார் விசாரணை நடத்தியது. என்ன தீர்ப்புச் சொன்னார்கள் தெரியுமா? யார் பேரிலும் குற்றமில்லை, இது “கடவுள் செயல்” என்றார்கள்! உத்தரவு போட நேரமானது கடவுளா? கடற்கரைக் கொட்டகையில் குடிவைத்தது கடவுளா? காலையில் அனுப்பவேண்டிய வண்டியை மாலையில் அனுப்பியது கடவுளா? மனிதன் செய்ய மறந்த காரியங்களையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி, அதன்மேல் ஒட்டுகிற சீட்டுக்குத்தான் கடவுள் செயல் என்று பேர்.

நம் நாடும் இதில் பின்வாங்கவில்லை. 1989ஆம் வருஷத்திய ரயில்வே சட்டம் 93ஆவது பிரிவைப் பாருங்கள். சரக்கு நஷ்டமானால் ரயில்வே பொறுப்பல்ல என்பதற்கான காரணங்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் முதல் இடம் கடவுள் செயலுக்கு! யுத்தமும் விரோதிகளும் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். கடவுளை இவ்வளவு கேவலப்படுத்தும் வாசகத்தை நாம்கூட எழுதியதில்லை.

ஒரே புயல், இரண்டு புத்தி

புயல் வருவதை மனிதன் தடுக்க முடியாது. ஆனால் புயலில் என்ன ஆகிறோம் என்பது பெரும்பாலும் மனிதன் கையில் இருக்கிறது. இதற்கு 2012 அக்டோபர் மாதம் நியூயார்க்கில் அடித்த சாண்டி புயலே சாட்சி. அந்நகரத்துச் சுரங்க ரயில்காரர்கள் புயலுக்கு முந்தின நாள் மாலையே ஓட்டத்தை நிறுத்தி, வண்டிகளை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கங்களுக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது என்றாலும், வண்டிகள் தப்பின. மூன்றே நாளில் சில பாதைகளில் ஓட்டம் தொடங்கிற்று. ஆற்றுக்கு அப்பாலுள்ள நியூஜெர்ஸி ரயில்காரர்களோ தங்கள் வண்டிகளைத் தாழ்ந்த நிலத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். எஞ்சினும் பெட்டியுமாக 300க்கு மேற்பட்டவை உப்புத் தண்ணீரில் கெட்டன. புயலும் ஒன்று, எச்சரிக்கையும் ஒன்று. கடவுள் ஆற்றுக்கு இக்கரையில் நல்லவராகவும் அக்கரையில் கெட்டவராகவும் இருந்தாரா?

அவ்வளவு தூரம் போவானேன்? ஒரிஸ்ஸாவில் 1999இல் வந்த பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டார்கள். 2019 மே 3ந் தேதி பூரிக்கருகில் கரையேறிய ஃபானி புயலும் சாமான்யமானதல்ல. ஆனால் அதற்கு முந்தின நாளே பூரியிலிருந்து ஜனங்களை வெளியேற்ற விசேஷ ரயில்கள் விட்டார்கள். பிறகு நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை ரத்து செய்தார்கள். லட்சக்கணக்கானவர்களைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். மாண்டவர்கள் நூற்றுக்கும் குறைவு. 2021இல் யாஸ் புயல் வந்தபோது, ஹௌராவுக்கருகில் ஷாலிமார் நிலையத்தில் நின்ற காலி வண்டிகளைக் காற்று தள்ளிவிடாமல் சங்கிலியால் தண்டவாளத்தோடு கட்டி வைத்தார்கள். தாயத்துக் கட்டவில்லை, சங்கிலி கட்டினார்கள்!

நின்றபின் என்ன?

ஆனால் தோழர்களே, வண்டியை நிறுத்திவிட்டால் வேலை முடிந்துவிட்டதா? அங்கேதான் பாதி வேலை ஆரம்பமாகிறது.

2023 டிசம்பர் 17ந் தேதி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அது புயல்கூட அல்ல, குமரிக்கடல் பக்கத்துக் காற்றுச் சுழற்சியால் கொட்டிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். முன்னால் பாதையில் ஜல்லி கரைந்து தண்டவாளம் தொங்கிற்று. வண்டியில் சுமார் 800 பேர். நிறுத்தியதால் அவ்வளவு பேரும் பிழைத்தார்கள். சுமார் 300 பேர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சுற்றிலும் வெள்ளமாக, 19ந் தேதி வரை வண்டியிலும் நிலையத்திலும் கிடந்தார்கள். ஹெலிகாப்டர் வருமுன்பே பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் அரிசி பருப்புக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். உண்டவர்களிடத்தில் நீ என்ன ஜாதி என்று கேட்கவில்லை. வெள்ளம் இரண்டு நாளில் கற்றுக்கொடுத்த இந்தப் பாடத்தை வெள்ளம் வடிந்த பிறகும் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறோம். இந்த ஓசூர் சுற்று வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்பவர்களில் இந்த மண்ணில் பிறந்தவர்கள் எத்தனை பேர்? விழுப்புரத்தான், திருவண்ணாமலையான், கடலூரான், ஒரிஸ்ஸாக்காரன், பீகாரி என்று பலரும் இருக்கிறீர்கள். பண்டிகைக்கும் சாவுக்கும் ஊருக்குப் போய்த் திரும்புகிறீர்கள். திரும்புகிற அன்று புயல் வந்து ரயில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நின்றது சரி, ஆலையின் சங்கு நின்றதா? ஷிப்டு நின்றதா? ஒருநாள் வராவிட்டால் சம்பளம் பிடிப்பு. அதோடு அட்டெண்டன்ஸ் போனஸ் போயிற்று. காண்ட்ராக்ட் ஆளாயிருந்தால் வேலையே போயிற்று. ஆகவே அவன் என்ன செய்கிறான்? ரயிலில்லாவிட்டால் லாரியில் தொற்றிக்கொள்கிறான். அல்லது சிநேகிதனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, தண்ணீர் ஓடுகிற தரைப்பாலத்தைத் தாண்டப் பார்க்கிறான். அடித்துக்கொண்டு போனால் அவன் தலைவிதி என்கிறார்கள். தலைவிதியல்ல, தோழர்களே! அது சம்பள விதி. ரயிலைச் சரியான நேரத்தில் நிறுத்துகிற அறிவு, வீட்டிலிருந்தால் பட்டினி என்ற நிலையிலுள்ள மனிதனைக் காப்பாற்றாது. பிரயாணம் செய்யாமலிருக்க வசதி உள்ளவனுக்குத்தான் நின்ற ரயில் ரட்சிப்பு.

இன்னொன்று. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும், 1913இல் அங்கிருந்து இந்த ஓசூருக்கும் சிறிய ரயில் போட்டார்கள். பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவருவதற்கென்று போட்டது. பின்னால் அவற்றை மூடினார்கள். பிற்பாடு ஓசூருக்குச் சேலம் – பெங்களூர் பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றும் ரயிலில்லை. ரோடு அறுந்தால் அந்த ஊராருக்கு மாற்று வழியே கிடையாது. ஆபத்துக் காலத்துக்கென்று போட்ட பாதையை எடுத்துவிட்டு, ஆபத்து வரும்போது ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிடச் சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை சில உண்டு. புயல் எச்சரிக்கை வந்தவுடன் எந்த வண்டி நிற்கும், எது ஓடும் என்பதை ஒருநாள் முன்னதாகவே ஓசூர் நிலையத்திலும் ஆலை வாசல்களிலும் தமிழிலும், வந்திருக்கிற தொழிலாளிகளின் பாஷைகளிலும் எழுதி வைக்கவேண்டும். ரத்தான வண்டிக்கு டிக்கட் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்க எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு உதவ அங்கே ஓர் ஆள் இருக்கவேண்டும். வழியில் நிறுத்துகிற வண்டிக்கு அந்த நிலையத்திலேயே சோறும் தண்ணீரும் தயாராயிருக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ரயில் நின்ற நாளுக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. அப்படி ஓர் ஒப்பந்தத்தை உங்கள் சங்கங்கள் மழைக்காலத்துக்கு முன்பே ஆலை முதலாளிகளிடம் எழுதி வாங்கவேண்டும். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் இரக்கம் கிடைக்கும், உரிமை கிடைக்காது.

மழை இரவில் கையில் விளக்கோடும், வண்டியை நிறுத்த வெடியோடும் பாதைநெடுக நடந்து பார்க்கிற ரயில்வே தொழிலாளியையும் மறந்துவிடாதீர்கள். அவன் கரைந்த மண்ணைக் கண்டு வண்டியை நிறுத்துவதால்தான் உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். விடிந்து எழுந்தவுடன் அவர்கள் நன்றி சொல்லுவது யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும். இனியாவது அந்த நன்றியை உரியவன் விலாசத்துக்கு அனுப்புங்கள்.

நாம் சொன்னதெல்லாம் உண்மையென்று அப்படியே நம்பவேண்டியதில்லை. யோசித்துப் பாருங்கள், சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த புயலுக்குப் பிறகு எவராவது வந்து “கடவுள் செயல்” என்று சொன்னால், எந்த உத்தரவு, எத்தனை மணிக்கு, யார் கையில் தாமதமாயிற்று என்று மாத்திரம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் துணிந்தால் இக்கூட்டம் வீண்போகவில்லை.