நம் வட்டாரத்தை நாம் அறிவோம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நைல் நதி எங்கே ஓடுகிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள் உடனே கை தூக்குவார்கள். கிள்ளான் ஆறு எங்கே போய்க் கடலில் விழுகிறது என்று கேளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆகவே நம் வட்டாரத்தைப் பற்றியே இன்று நாலு வார்த்தை பேசுகிறேன்.

கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே மலாக்கா நீரிணை. நடுவே ஓடும் கிள்ளான் ஆறுதான் இந்த மண்ணுக்குத் தாய். அதில் கோம்பாக் ஆறு கலக்குமிடத்தில் பிறந்ததே கோலாலம்பூர். 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றுவழியே வந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையானார்கள்.

1881-இல் தீயும் வெள்ளமும் அத்தாப்பு வீடுகளை அழித்தன. அதன்பின் செங்கல்லால் வீடு கட்ட உத்தரவு பிறந்தது. சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே செங்கல் இருக்கிறது, பாருங்கள்! 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது. 1901-இல் துறைமுகம் திறந்தது. தண்டவாளத்திலும் ரப்பர் காட்டிலும் நம்மவர் வியர்வை கலந்திருக்கிறது.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. நம்மவர் கூலியை மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்றார்கள். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். பிள்ளைகளே, நீங்கள் இன்று வாங்கும் பரிசுக்குப் பின்னால் அவர்கள் கொடுத்த விலையும் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே நிலத்தில் 2001-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் போனால் போகட்டும். பெயருமா போக வேண்டும்?

பெற்றோர்களே, இன்றிரவே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார், எந்த லயத்தில் குடியிருந்தார் என்று. மாணவர்களே, அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, தேதி போடுங்கள். அரசாங்கப் புத்தகத்தில் இல்லாத சரித்திரம் அது. நீங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?